கறுப்பா, வெள்ளியா: சைக்கிள் பாகங்களின் நிறத்துக்கு அடியில் இருப்பது என்ன?

கேள்வி இதுதான். அடர்பச்சை நிறத்தில் ஒரு எஃகு ஃபிரேம் கையில் இருக்கிறது. ரிம் பிரேக், அதாவது சக்கர வளையத்தின் பக்கவாட்டைக் கட்டைகள் பிடிக்கும் வகை. 1⅛ அங்குல த்ரெட்லெஸ் ஃபோர்க், அதாவது மேல்முனையில் திருகு இல்லாதது. வீடு கடலோரத்தில். கிராங்க், கியர், பிரேக் எல்லாம் சேர்ந்த ஷிமானோ 105 தொகுதியைக் கறுப்பில் வாங்குவதா, வெள்ளி நிறத்தில் தேடிப் பிடிப்பதா? கறுப்பு வெளுத்துவிடுமா, வெள்ளி அரித்துப்போகுமா, எடையில் வித்தியாசம் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று எந்தக் கடைக்குப் போனாலும் ஏன் எல்லாமே கறுப்பாக இருக்கின்றன?

எடையை முதலில் தள்ளிவிடலாம். வித்தியாசம் இல்லை. ஒரே பாகத்தின் கறுப்பு, வெள்ளி வடிவங்களைத் தராசில் வைத்து ஓரிரு கிராம் வேறுபாடு தெரிந்தால், அது தயாரிப்பில் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கம்தான். கியர் மாறும் விதமோ, உறுதியோ நிறத்தால் மாறுவதில்லை. ரிம் மட்டும் விதிவிலக்கு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நிறம் தீர்மானிப்பது அந்தப் பாகம் எப்படிப் பழசாகும் என்பதை. வெள்ளி நிறப் பாகத்தில் நாம் பார்ப்பது உலோகத்தையே. கறுப்புப் பாகத்தில் பார்ப்பது உலோகத்தின் மேலிருக்கும் ஒரு படலத்தை. உங்கள் மற்றக் கேள்விகளுக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அலுமினியத்தைக் கறுப்பாக்க இரண்டு வழிகள் பரவலானவை. ஒன்று அனோடைசிங், மற்றது பெயின்ட். அனோடைசிங்கில் பாகத்தைக் கந்தக அமிலக் கரைசலில் அமிழ்த்தி, அதையே நேர்மின்முனையாக்கி மின்சாரம் செலுத்துவார்கள். மேற்பரப்பு அலுமினிய ஆக்சைடாக மாறும். இது வெளியிலிருந்து கொண்டுவந்து பூசுவதல்ல. உலோகமே உருமாறிப் படலமாகிறது, அதனால் பெயின்ட்போலச் செதில் செதிலாக உரியாது. தடிமன் வழக்கமாக 5 முதல் 25 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் பாதிக்கும் குறைவு. இந்தப் படலம் முழுக்க நுண்துளைகள். அந்தத் துளைகளில் கறுப்புச் சாயத்தை ஏறவிட்டு, பிறகு கொதிநீரில் வைத்துத் துளைகளை அடைத்துவிடுவார்கள். சாயம் ஏற்றாமல் அப்படியே அடைத்தால் படலம் நிறமற்றதாக இருக்கும், அடியிலுள்ள உலோகம் தெரியும். கடையில் நீங்கள் பார்க்கும் வெள்ளி நிறப் பாகங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை.

ஆகவே வெள்ளி அரிக்கும், கறுப்பு அரிக்காது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. ஒரே தடிமனில், ஒழுங்காக அடைக்கப்பட்ட படலம் எந்த நிறத்தில் இருந்தாலும் உப்புக்காற்றை ஒரே மாதிரிதான் தாங்கும். கவனிக்க வேண்டியது வேறு. சில பாகங்களை அனோடைஸ் செய்யாமல் வெறும் பாலிஷோடு விற்கிறார்கள். கண்ணாடிபோல் மின்னும் கைவினைத் தரப் பாகங்கள் சில இப்படி வருகின்றன. கடலோரத்தில் இவை விரைவில் மங்கி, வெள்ளைப் பொடி பூக்கும். உலோக பாலிஷ் போட்டுத் துடைத்தால் மறுபடி மின்னும், மறுபடி மங்கும். அந்த வேலையை ரசிப்பவர்கள் உண்டு. நீங்கள் அந்த வகை இல்லையென்றால் பாகத்தின் விவரக்குறிப்பில் அனோடைஸ் செய்யப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். அனோடைஸ் செய்த பாகத்துக்கு அந்த பாலிஷ் தேவையில்லை என்பது மட்டுமல்ல, போடவும் கூடாது. அதிலுள்ள தேய்ப்புப் பொருள் படலத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

கறுப்பு வெளுக்குமா? வெளுக்கும், ஆனால் எல்லாக் கறுப்பும் அல்ல. கரிமச் சாயம் ஏற்றிய மலிவான பாகங்கள் வெயிலில் நின்று நின்று ஊதாவாகவோ செம்பழுப்பாகவோ மாறுவதைப் பழைய சைக்கிள்களில் பார்த்திருப்பீர்கள். படலம் மெல்லியதாக இருந்தாலோ, துளைகளைச் சரியாக அடைக்காவிட்டாலோ இது சீக்கிரம் நடக்கும். நல்ல நிறுவனங்களின் கறுப்பு பல ஆண்டுகள் கறுப்பாகவே இருக்கிறது. ஆனாலும் ஒரு தொல்லை உண்டு. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் ஒரு நிறுவனம், ஹேண்டில்பார் இன்னொன்று, சீட்டைத் தாங்கும் சீட்போஸ்ட் மூன்றாவது என்று வாங்கினால் மூன்று கறுப்பும் மூன்று விதமாக இருக்கும். ஒன்று நீலம் பாய்ந்தது, ஒன்று பழுப்பு பாய்ந்தது, ஒன்று சாம்பல். வாங்கிய அன்று கடையின் விளக்கில் தெரியாது, வெயிலில் நிறுத்தினால் தெரியும். வெள்ளியிலும் மினுமினுப்பு, மங்கல் என்ற வேறுபாடு உண்டு. ஆனால் கண் அதை ஒளி விழும் கோணத்தின் வேறுபாடாக எடுத்துக்கொண்டு மன்னித்துவிடுகிறது. கறுப்பை மன்னிப்பதில்லை.

இனி, ஏன் எல்லாம் கறுப்பாயின என்பது. இதற்கு நாகரிகம் மாறியது என்று ஒரே வரியில் பதில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு தலைகீழானது. ஃபிரேம் கறுப்பு எனாமல், பாகங்கள் நிக்கல் முலாம். 1930களில் நிக்கலின் மேல் குரோம் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் ராலே, ஹெர்குலிஸ் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுக்க அனுப்பிய சைக்கிள்கள் இவைதாம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து நமக்குத் தந்த ஹெர்குலிஸும் அதே சீருடைதான். கறுப்பு உடல், குரோம் ஹேண்டில்பார், குரோம் ரிம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் நிக்கலும் குரோமும் போர்த் தளவாடங்களுக்குப் போய்விட்டதால் ஹேண்டில்பாரையும் பெடலைத் தாங்கும் கிராங்கையும்கூடக் கறுப்பு பெயின்ட் அடித்து விற்றார்கள். கறுப்புப் பாகம் அன்று தட்டுப்பாட்டின் அடையாளம். போர் முடிந்து குரோம் திரும்ப வந்ததும் அந்தக் கறுப்பை யாரும் தேடவில்லை.

பந்தய சைக்கிளில் அலுமினியம் வந்த பிறகும் வெள்ளியே அரசாண்டது. இத்தாலியின் விசென்சா நகரத்து கம்பக்னோலோ நிறுவனத்தின் ரெக்கார்ட் பாகங்கள் பாலிஷ் செய்த அலுமினியத்துக்கு ஓர் இலக்கணமாகவே இருந்தன. 1974-இல் வந்த சூப்பர் ரெக்கார்டின் பின் டெரெய்லரில், அதாவது செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகத்தில், டைட்டானியம் போல்ட்டுகளோடு கறுப்பு அனோடைஸ் செய்த துண்டுகள் எட்டிப் பார்த்தன. அங்கே கறுப்பு, இது சாதாரண ரெக்கார்ட் அல்ல என்று சொல்லும் ஒரு முத்திரை. சிறிதளவு இருந்ததால்தான் அதற்கு மதிப்பு. ஷிமானோவின் உயர்தர டியூரா-ஏஸ் தொகுதி 2004-இல் வந்த 7800 வரை பெரும்பாலும் வெள்ளிதான். அடுத்த 7900-இல் வெள்ளியும் கறுப்பும் கலந்தன. 2016-இல் வந்த 9100 கறுப்பாகிவிட்டது. ஒரு பத்தாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் முழுப் புரட்சி.

காரணம் கார்பன் ஃபைபர். ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கார்பனுக்கு மாறியபோது கறுப்பு இயல்பாகவே உயர்தரத்தின் நிறமாயிற்று. கார்பன் வாங்க முடியாதவருக்கும் அந்தத் தோற்றம் வேண்டும். அலுமினியப் பாகத்தைக் கறுப்பாக்கினால் தூரத்திலிருந்து கார்பன்போலத் தெரியும். பிறகு டிஸ்க் பிரேக் வந்தது. ரிம்மின் பக்கவாட்டில் பிரேக் கட்டை உரசுவதற்காகக் கடைந்துவிட்ட அந்த வெள்ளிப் பட்டை தேவையில்லாமல் போயிற்று. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு 2018-இல் முழு அனுமதி கிடைத்த பிறகு, ஒரு புதிய சைக்கிளில் வெள்ளி நிறத்துக்கு இருந்த கடைசிக் கட்டாயமும் போய்விட்டது.

மற்றக் காரணத்தை விளம்பரங்களில் பார்க்க முடியாது: செலவு. பாகம் வெள்ளியாக மின்ன வேண்டுமானால் அடியிலுள்ள உலோகம் சுத்தமாக இருக்க வேண்டும். வார்ப்படத்தின் கோடு, கடைசல் எந்திரத்தின் தடம், அடித்து உருவாக்கியபோது விழுந்த வரி எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்து எடுத்த பிறகே நிறமற்ற படலம் கொடுக்க முடியும். அந்தப் படலம் எதையும் மறைக்காது. உலோகக் கலவையையும் அது காட்டிக் கொடுத்துவிடும். செம்பு மிகுந்த அலுமினியக் கலவைகளில் லேசான மஞ்சள் சாயல் தட்டும். அச்சில் வார்ப்பதற்காக சிலிக்கன் அதிகம் சேர்த்த கலவைகளோ அழுக்குச் சாம்பலாக வரும். அவற்றை வெள்ளியாக அனோடைஸ் செய்து விற்கவே முடியாது. கறுப்பு பெயின்ட் இந்த வழக்கையெல்லாம் ஒரே பூச்சில் தீர்த்துவிடுகிறது. வார்த்த கிராங்கும் அடித்த கிராங்கும் கறுப்பு பெயின்டுக்கு அடியில் ஒரே மாதிரிதான் தெரியும். மலிவு விலை சைக்கிள்களில் கறுப்பு இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இது முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. இரண்டு நிறத்தில் தயாரித்தால் கிடங்கில் இரண்டு மடங்கு சரக்கு வைக்க வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. ஒரு நிறத்தைக் கைவிடத்தான் வேண்டும் என்றால் அது எதுவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உயர்தரக் கறுப்புப் பாகங்களும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் பால் காம்பொனென்ட், வைட் இண்டஸ்ட்ரீஸ், கிறிஸ் கிங் போன்றவர்கள் இரு நிறத்திலும் ஒரே தரத்தில் செய்கிறார்கள். ஆனால் தெரியாத நிறுவனத்தின் பாகத்தை வாங்கும்போது வெள்ளி நிறத்தில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் சைக்கிளுக்கு வருவோம். நான் எப்போதும் சொல்வது: முழு சைக்கிளுக்கும் ஒரே நிறம் என்று தொடங்காதீர்கள். எது எதோடு உரசுகிறது என்று பாருங்கள்.

கிராங்க்தான் சைக்கிளில் அதிகம் அடிபடும் இடம். ஒவ்வொரு சுற்றிலும் ஷூவின் ஓரமோ கணுக்காலோ கிராங்க் கையில் படுவது நிறையப் பேருக்கு உண்டு, அவர்களே உணரமாட்டார்கள். கறுப்பு கிராங்க்கில் ஒரு பருவ மழைக்குள் அந்த இடம் வெளுத்து வெள்ளித் திட்டாகும். மழைநாளில் ஷூவில் ஒட்டும் மணல் உப்புத்தாள்போல வேலை செய்யும். வெள்ளி கிராங்க்கிலும் அதே தேய்மானம் நடக்கிறது, படலம் போகிறது, ஆனால் அடியில் இருப்பதும் வெள்ளிதான். கண்ணுக்குப் படுவது ஒரு மங்கிய பளபளப்பு, அவ்வளவே. கிராங்க்கை வெள்ளியில் வாங்குங்கள் என்பேன். கறுப்புதான் வேண்டுமென்றால் கை முனையிலும் உட்பக்கத்திலும் ஒளிபுகும் பாதுகாப்புப் படத்தை முதல் நாளே ஒட்டிவிடுங்கள். திட்டு விழுந்த பிறகு ஒட்டிப் பயனில்லை.

முன் பல்சக்கரத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எந்த நிறத்தில் வாங்கினாலும் செயின் பல்லில் இருக்கும் படலத்தைச் சில வாரங்களில் தின்றுவிடும். கறுப்பு வட்டத்தின் விளிம்பில் வெள்ளிப் பற்கள் என்ற அந்தத் தோற்றம் சிலருக்குப் பிடிக்கிறது. செயினும் அப்படியே. நிக்கல் முலாம் பூசிய சாதாரண வெள்ளிச் செயின் கடலோரத்துக்கு நல்ல தேர்வு. அலங்காரத்துக்காகக் கறுப்பாக்கிய செயினுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

சீட்போஸ்ட் வேறு வகை. உயரம் மாற்றும்போதெல்லாம் ஃபிரேமின் குழாய்க்குள் திருகி இறக்குகிறோம், நீளவாக்கில் கோடு விழுகிறது. கறுப்பில் அந்தக் கோடுகள் வானத்து மின்னல்போலப் பளிச்சிடும். உங்கள் உயரம் நிலையானது, வேறு யாரும் ஓட்டப்போவதில்லை என்றால் எந்த நிறமும் சரி. வீட்டில் இருவர் பகிர்ந்துகொள்ளும் சைக்கிள் என்றால் வெள்ளி. எதுவானாலும் எஃகுக் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் போகும்போது கிரீஸ் தடவாமல் இறக்காதீர்கள். கடல் காற்றில் இரு உலோகங்களும் சேர்ந்து இறுகிவிட்டால் அதைப் பிரிப்பதற்குள் ஃபிரேமே போய்விடலாம். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்தும். கோடு விழுந்த இடத்தில் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

ஹேண்டில்பாரில் டேப் சுற்றிவிட்டால் தெரிவது நடுப்பகுதி ஒரு சாண்தான். ஆனால் டேப்புக்கு அடியில் வியர்வை ஊறுகிறது என்பதை மறக்க வேண்டாம். டேப் மாற்றும் ஒவ்வொரு முறையும் அடியில் வெள்ளைப் பொடியோ குழியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குழி விழுந்த ஹேண்டில்பாரை நிறம் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஸ்டெம்மில் உங்கள் ஃபோர்க்கே கொஞ்சம் தீர்மானித்துவிட்டது. பழைய திருகு வகை ஃபோர்க்காக இருந்தால் ஜப்பானின் நிட்டோ நிறுவனம் ஒன்றே போதும். அங்கே வெள்ளி ஏராளம், கறுப்புதான் அரிது. த்ரெட்லெஸ்ஸில் நிலைமை தலைகீழ். ஆனாலும் ரிச்சியின் கிளாசிக் வரிசை பாலிஷ் வெள்ளியில் வருகிறது. தாம்சனின் ஸ்டெம்மும் சீட்போஸ்ட்டும் இரு நிறத்திலும் செய்யப்பட்டவை, அவற்றின் வெள்ளி கொஞ்சம் மங்கலானது. 105-இன் மங்கலான வெள்ளிக்கு இதுவே பொருந்தும். ரிச்சியின் மினுமினுப்பு பழைய பாலிஷ் கிராங்குகளுக்குத் துணை.

ரிம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறம் உண்மையிலேயே எந்திரவியலோடு மோதிய இடம் அதுதான்.

1980களில் பிரான்ஸின் மாவிக் நிறுவனம் எம்.ஏ.2, எம்.ஏ.40 என்று இரண்டு ரிம்களை விற்றது. இரண்டுக்கும் ஒரே குறுக்குவெட்டு. எம்.ஏ.2 பளபளப்பான வெள்ளி. எம்.ஏ.40 அடர்சாம்பல். அந்தச் சாம்பல் சாயமல்ல, கடின அனோடைசிங். உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த அமிலத்தில், அதிக மின்னோட்டத்தில் தடித்த படலத்தை வளர்த்தால் அது தானாகவே அந்த இருண்ட நிறத்துக்கு வந்துவிடும். தடித்த படலம், கடினமான படலம், ஆகவே வலிமையான ரிம் என்றுதான் வாங்கியவர்கள் நம்பினார்கள். நடந்தது வேறு. ஆக்சைடு கடினமானது, ஆனால் வளையத் தெரியாதது. ஸ்போக்கின் இழுவிசையால் ரிம் ஒவ்வொரு சுற்றிலும் துளையைச் சுற்றி மிக நுட்பமாக வளைந்து நிமிர்கிறது. படலத்தில் விழும் மயிரிழை விரிசல் காலப்போக்கில் அடியிலுள்ள உலோகத்துக்குள் இறங்குகிறது. ஸ்போக் துளையைச் சுற்றி வெடித்த எம்.ஏ.40 ரிம்கள் சக்கரம் கட்டுபவர்களிடம் குவிந்தன, அதே அச்சில் பிறந்த எம்.ஏ.2 ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தே ஆண்டுக்கணக்கில் வாதாடினார். வெப்பத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். ஆக்சைடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால் பிரேக் போடும்போது எழும் சூடு ரிம்முக்குள் பரவாமல் கட்டையிலேயே தங்கும் என்பது அவர் வாதம்.

இதைப் படித்துவிட்டுக் கறுப்பு ரிம் எல்லாமே வெடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய கறுப்பு ரிம்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது சாயம் ஏற்றிய மெல்லிய அனோடைசிங், அதற்கும் எம்.ஏ.40 கதைக்கும் தொடர்பு குறைவு. ரிம் பிரேக் போடுபவர் பார்க்க வேண்டியது பக்கவாட்டுப் பட்டையை. அது கடைந்து வெள்ளியாக விடப்பட்டிருக்க வேண்டும். பட்டையிலும் கறுப்பு இருந்தால் ஆரம்பத்தில் பிரேக் பிடிப்பு மோசமாக இருக்கும், சத்தம் போடும், பிறகு திட்டுத் திட்டாகத் தேயும். அந்தத் திட்டுக்கு அழகும் இல்லை, சீரான பிடிப்பும் இல்லை. வேண்டுமென்றே செராமிக் பூச்சுக் கொடுத்த ரிம்கள் தனி இனம். மழையில் அவற்றின் பிடிப்பு அருமை, ஆனால் அவற்றுக்கென்று செய்த பிரேக் கட்டையைத்தான் போட வேண்டும். சாதாரணக் கட்டை சீக்கிரம் கரைந்துவிடும்.

ஸ்போக் விஷயத்தில் நான் வெள்ளிக் கட்சி. துருப்பிடிக்காத எஃகுக்கு நிறம் தேவையில்லை. நல்ல நிறுவனங்களின் கறுப்பு ஸ்போக் உறுதியில் குறைந்ததல்ல, விலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் வெளியூரில் ஒரு ஸ்போக் உடைந்தால் சரியான நீளத்தில் வெள்ளி கிடைப்பதே பாடு. கறுப்புச் சக்கரத்தில் ஒற்றை வெள்ளி ஸ்போக்கோடு வீடு திரும்ப உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் திருகுமுனையான நிப்பிளைப் பித்தளையில் வாங்குங்கள். பல வண்ணங்களில் வரும் அலுமினிய நிப்பிள் கடலோரத்தில் எஃகு ஸ்போக்கோடு சேர்ந்து அரித்து, ஒரு நாள் சக்கரத்தை நேராக்கப் போகும்போது சாவிக்குள்ளேயே நொறுங்கும்.

போல்ட்டுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கடலோரத்தில் முதலில் கெடுவது அவைதாம். கறுப்பு போல்ட் என்றால் பெரும்பாலும் சாதாரண எஃகின் மேல் எண்ணெய் தடவிய மெல்லிய கறுப்பு ஆக்சைடு. அது துருவைத் தடுப்பதற்குப் போதாது. சில மாதங்களில் தலையின் குழிக்குள் செந்நிறம் தெரியும். உடனே எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். பாட்டில் கூடு, மட்கார்டு, கேரியர் ஆகியவற்றில் தாராளமாக மாற்றலாம். ஸ்டெம்மிலும் சீட்போஸ்ட்டின் தலையிலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. அங்கே வரும் 12.9 தர எஃகு போல்ட்டின் இழுவலிமை சுமார் 1,200 மெகாபாஸ்கல். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஏ2-70 துருப்பிடிக்காத போல்ட்டுக்கு 700. நிறம் மாற்றப் போய் வலிமையைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஸ்டெம் நிறுவனம் தந்த போல்ட்டையே வைத்துக்கொண்டு, திருகில் கிரீஸும் தலைக்குழியில் ஒரு துளி மெழுகும் போட்டால் போதும்.

சுத்தம் செய்வதில் ஒரே எச்சரிக்கை. சலவைச் சோடாவோ, அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் காரத் திரவமோ அனோடைஸ் பாகத்தில் படக் கூடாது. தொழிற்சாலையில் இந்தப் படலத்தைக் கழற்றி எடுக்கப் பயன்படுத்துவதே காஸ்டிக் சோடாதான். கறுப்பில் திட்டுத் திட்டாக வெளுப்பு விழுந்த பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. வெள்ளியிலும் இதே சேதம்தான், பனிபடர்ந்ததுபோல மங்கிவிடும். மென்மையான சோப்பு நீர், துணி, கடல் பக்கம் ஓட்டிவந்த அன்றே நல்ல தண்ணீரில் ஒரு அலசல். அழுக்கு எதில் அதிகம் தெரியும் என்றும் கேட்பார்கள்: செம்மண் தூசியும் காய்ந்த வியர்வையும் கறுப்பில், செயின் எண்ணெய் வெள்ளியில்.

அழகைப் பற்றி என் கருத்தும் வேண்டும் என்றால், மெல்லிய குழாய்களாலான எஃகு ஃபிரேமுக்கு வெள்ளி பொருந்துகிறது. அடர்பச்சைக்கு நிச்சயம் பொருந்தும். கறுப்பு கிராங்க் கொழுத்த கார்பன் குழாய்களுக்கு நடுவில் கரைந்துவிடும். மெல்லிய குழாய்களுக்கு நடுவில் ஒரு ஓட்டைபோலத் தெரியும். டயர், சீட், ஹேண்டில்பார் டேப், பிரேக் லீவரின் ரப்பர் இவை எப்படியும் கறுப்பாக இருக்கப்போவதால் முழு வெள்ளி சைக்கிள் என்று ஒன்று கிடையாது. ஆகவே கலக்கப் பயப்பட வேண்டாம். ஒரே கூட்டமாகத் தெரியும் பாகங்கள் மட்டும் ஒரே நிறத்தில் இருக்கட்டும்: ஸ்டெம், ஹேண்டில்பார், சீட்போஸ்ட் ஒரு கூட்டம், கிராங்க், டெரெய்லர்கள், பிரேக் இன்னொரு கூட்டம், ஹப், ஸ்போக், ரிம் மூன்றாவது. கூட்டத்துக்குள் கலந்தால்தான் கையில் கிடைத்ததை மாட்டியதுபோலத் தோன்றும். அமெரிக்காவின் ரிவெண்டெல் போன்ற எஃகு சைக்கிள் ஆர்வலர்கள் தங்கள் சொந்தப் பாகங்களுக்கு சில்வர் என்றே பெயர் வைத்து விற்கும் அளவுக்குப் போயிருக்கிறார்கள். அவ்வளவு பக்தி நமக்கு வேண்டாம்.

வாங்கும் விஷயம். ஷிமானோ 105-இல் வெள்ளி நிறம் வந்தது 2018-இன் ஆர்7000, 11 கியர் தொகுதியோடு கடைசி. அடுத்து வந்த 12 கியர் ஆர்7100 கறுப்பில் மட்டும்தான். கம்பக்னோலோ பக்கம் போனால் 2016-இன் பொடென்சா, 2017-இன் சென்டார் இரண்டும் வெள்ளியிலும் செய்யப்பட்டவை. ஆக வெள்ளி வேண்டுமென்றால் 11 கியரோடு நிற்கிறீர்கள். ரிம் பிரேக் எஃகு சைக்கிளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பழைய இருப்பாகவோ, ஒருவர் பயன்படுத்திக் கழற்றியதாகவோ தேட வேண்டியிருக்கும். அப்படித் தேடும்போது ஷிமானோவிலேயே 105-க்கு மேல்தரமான, அதே காலத்து அல்டெக்ராவோ டியூரா-ஏஸோ மலிவாகக் கண்ணில் பட்டால் நிதானியுங்கள். 2019 ஜூலைக்கு முன் செய்யப்பட்ட அவற்றின் 11 கியர் கிராங்குகளில் ஒட்டு விட்டுப்போகும் கோளாறுக்காக 2023-இல் ஷிமானோ பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000. 105 அந்தப் பட்டியலில் இல்லை.

கிராங்க், முன் டெரெய்லர், பின் டெரெய்லர், இரு பிரேக், இவை ஐந்தும் வெள்ளியில் சேர்ந்து கிடைத்தால் வாங்கிவிடுங்கள். முன் டெரெய்லர் மட்டும் கறுப்பில் கிடைத்தாலும் பரவாயில்லை, அது பல்சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். லீவர்களைக் கறுப்பிலேயே எடுக்கலாம். உள்வேலைப்பாடு ஒன்றே, ரப்பரோடு சேர்ந்துகொள்ளும். பல்சக்கரம் தேய்ந்து வெள்ளியில் மாற்று கிடைக்காத நாள் வந்தால் அதே ஆர்7000-இன் கறுப்பு வளையம் அந்தக் கிராங்க்கில் அப்படியே பொருந்தும். துளை அமைப்பு மாறவில்லை.